புகை காணாத இரட்டைக் குழல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த அன்றைக்கே, புகையை எங்கே விடுவது என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. கூரையில் ஓட்டை போட்டுப் பார்த்தான். சுவரில் குழாய் செருகிப் பார்த்தான். எத்தனையோ நாகரிகங்கள் இருமிக்கொண்டே யோசித்த அந்தக் கேள்விக்கு இறுதி விடை, ஓஹையோ மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே, வெர்லின் ஸ்டட்ஸ்மன் என்பவரின் கார் கொட்டகையில் கிடைத்தது. புகையை விடவே கூடாது. அதுதான் விடை.

இப்பேர்ப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போது அவசரப்படக் கூடாது. நிதானமாகக் கேளுங்கள்.

வெர்லின் சீஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வாரத்தில் ஐந்து நாள், சீஸில் ஓட்டை சரியான அளவில் விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மீதிப் பொழுதெல்லாம் வண்டிதான். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், முன்பக்கம் நீண்டு பின்பக்கம் குறுகி, நிற்கும்போதே பாயப்போவது மாதிரி இருக்கும் பழைய வேகவண்டி. வாலிபத்தில் வாங்கியது. அப்போது அதற்கு ஒரே ஒரு புகைக்குழாய். அதிலும் துரு அரித்து ஆங்காங்கே பொத்தல். வண்டியைக் கிளப்பினால் தெருக்கோடி நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அவருடைய ஒரே மகள் மார்லிஸுக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர். சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்து "ஆ" என்று இழுப்பாள். வண்டி உறுமுகிற உறுமலில் குரல் உடைந்து நடுங்கி வரும். விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்படிச் சிரித்த ஒரு நாளில்தான் வெர்லின் சொன்னார்.

"உன் கல்யாணத்தன்னிக்கு சர்ச்லேர்ந்து மண்டபத்துக்கு இந்த வண்டியிலதான் கண்ணு உன்னைக் கூட்டிட்டுப் போவேன். ஒரு குழாய் இல்ல, ரெண்டு குழாய் போட்டு. ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும்."

"சத்தியமாப்பா?"

"சத்தியமா."

பிள்ளைகளுக்கு இப்படி வாக்குக் கொடுக்காத தகப்பன் யார்? ஆனால் கொடுத்த வாக்குக்காகக் கொட்டகையிலேயே குடியேறிய தகப்பன் இவர் ஒருவர்தான். பெண் வளர்ந்து, படித்து, பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து, டெவின் என்ற பையனைக் காதலிக்க ஆரம்பித்த காலம் முழுவதும் அவர் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். வீட்டில் அவர் முகத்தைவிடக் காலணியின் அடிப்பாகமே அதிகம் அறிமுகம்.

ஒருநாள் மனைவி ஆர்டித் கொட்டகைக்கு வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களிடம் பேசினாள்.

"இந்த வண்டிக்கு ரெட்டைக் குழாய் கடையிலயே கிடைக்குதாமே. பெட்டியோட வருதாம். வாங்கி மாட்டிட வேண்டியதுதானே?"

"ரொட்டிகூடத்தான் கடையில கிடைக்குது. நீ ஏன் வீட்ல சுடறே?" என்றன கால்கள்.

"நான் சுடற ரொட்டியை நாம திங்கறோம், வெர்லின்."

கலை தெரியாதவர்களிடம் வாதாடிப் பயனில்லை. கால்கள் உள்ளே போய்விட்டன.

கடைக் குழாய் எல்லா வண்டிக்கும் பொருந்துவது. அதாவது எந்த வண்டிக்கும் முழுசாகப் பொருந்தாதது. வெர்லின் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை முழம் முழமாக வாங்கினார். எஞ்சினில் இடப்பக்கம் நாலு சிலிண்டர், வலப்பக்கம் நாலு. பக்கத்துக்கு ஒரு குழாய். வளைவில் குழாயின் வயிறு ஒட்டிப்போகாமல் வளைத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பிடித்துப் பார்த்து, இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து, இறக்கி, பிடிக்காமல் அறுத்து, மறுபடி வளைத்தார். பின்பக்க அச்சுக்கு மேலே ஏறி இறங்குகிற அந்த ஒரு வளைவை மட்டும் அறுத்து அறுத்து, கொட்டகை மூலையில் கொக்கிகளாகக் குவித்துவிட்டார். நடுவில் இரண்டு குழாயும் கைகுலுக்கிக்கொள்ள ஒரு குறுக்குக் குழாய். அது இருந்தால்தான் இரு பக்கத்துத் துடிப்பும் ஒன்றோடொன்று சமாதானமாகி, சத்தம் கிழிசல் இல்லாமல் கனமாக உருண்டு வரும். கடைசியில் பக்கத்துக்கு ஒரு சைலன்சர், சாய்வாகச் சீவிய வாய். வெல்டிங் தடம் ஒவ்வொன்றும் அடுக்கி வைத்த காசு மாதிரி. பிறகு மெருகேற்ற ஆரம்பித்தார். குழாயில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்ற நிலை வந்தது. செய்யவும் செய்தார்.

சாவியைத் திருப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் டுவேன் ஃபோல்ட்ஸ் வந்து சேர்ந்தார்.

டுவேன், வட்டாரப் பழைய வேகவண்டிகள் சங்கத்தின் தலைவர். சங்கம் வருடந்தோறும் ஜூலையில் சந்தைத் திடலில் வண்டிக் கண்காட்சி நடத்தும். அதில் மற்றப் பரிசுகளெல்லாம் சில்லறை. 'அடிப்பாக மகுடம்' என்ற ஒன்றுதான் பரிசு. வண்டிக்கு அடியில் நிலைக்கண்ணாடியைத் தள்ளி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, யாருமே பார்க்காத இடத்தை ஐந்து பேர் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். போன வருடம் குழாய் வாய்க்குள் தன் விரல் ரேகை ஒன்று இருந்ததால் மகுடத்தை இழந்தவர் ஒருவர் உண்டு. அந்த மகுடத்தின் மேல் நம் வெர்லினுக்கும் ஒரு கண்.

டுவேன் சக்கரப் பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஒவ்வொரு வெல்டிங் தடமாகப் பார்த்தார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"வெர்லின், நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லு."

"இதைக் கிளப்பிடாதே."

வெர்லினுக்குப் புரியவில்லை. டுவேன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். "கிளப்பினா சூடு வரும். சூடு பட்டா இந்த வெள்ளி நிறம் மொதல்ல பழுப்பாகும், அப்புறம் நீலமாப் போயிடும். திரும்ப வராது. வெப்பத் தடயத்துக்கு ரெண்டு மார்க் போயிடும்பா."

"குழாய்னா சூடு வரத்தானே செய்யும்?"

"சாதாரணக் குழாய்க்கு வரும்," என்றார் டுவேன். "இது அப்படியா?"

சாவி சட்டைப் பைக்குள் போனது.

சங்கத்தின் விதிமுறைகளைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். 'காட்சிக்கு வரும் வண்டி ஓடக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும்' என்கிறது ஒரு விதி. 'ஓடியதற்கான தடயம் எதுவும் இருத்தல் கூடாது' என்கிறது அடுத்த விதி. இந்த இரண்டு வரிக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வெர்லினும் அதில் குடியேறினார். பாட்டரியை உயிரோடு வைத்திருந்தார். தொட்டியில் பெட்ரோல் வைத்திருந்தார். ஒரு திருப்புத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. இல்லாதவன் விரதம் இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

அந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு மதியம். உருளைக்கிழங்கு மசியலின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் டெவினின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஜூலை மூணாவது சனிக்கிழமைப்பா. சர்ச்சும் மண்டபமும் அன்னிக்குத்தான் சேர்ந்து கிடைச்சுது."

வெர்லினின் கரண்டி பாதியில் நின்றது. கண்காட்சி, ஜூலை மூன்றாவது ஞாயிறு.

"என்னப்பா, சந்தோஷம் இல்லையா?"

"இருக்கு கண்ணு. ரொம்ப இருக்கு."

"வண்டி வரும்தானே?"

"வரும்."

"ஓடும்தானே?"

"வரும்னு சொன்னேன்ல," என்றார் வெர்லின். மசியலில் பள்ளம் தோண்டிக் குழம்பைத் தேக்க ஆரம்பித்தார்.

ஆர்டித் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தேதியை மாத்துங்கன்னு சொல்லப் போறியா? சொல்லு பார்ப்போம்."

"நான் ஏன் சொல்றேன்? அதெல்லாம் மாத்த முடியாது. பல வருஷமா அந்த ஞாயித்துக்கிழமைதான்."

"நான் கல்யாணத்தைச் சொன்னேன்."

"நானும் அதைத்தான்," என்றார் வெர்லின். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. தீயணைப்பு நிலைய மாடியில், காபியும் டோனட்டும் முன்னிலை வகித்தன. 'மகள் திருமணம் நியாயமான வெப்பமா' என்பது பொருள். ஒருவர், வெப்பத்தைத் தூசு வகையில் சேர்த்தால் துடைத்ததாகக் கருதலாமே என்றார். இன்னொருவர், அது காயம் என்றார். முதல் கல்யாணத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது.

"அதெப்படி? எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கே மூணு கல்யாணம் ஆயிடுச்சு. நான் எங்கே போவேன்?" என்றார் பின் வரிசைக்காரர்.

இரண்டு மணி நேரத் தர்க்கத்துக்குப் பிறகு டுவேன் எழுந்தார். "நண்பர்களே, விதிக்கும் பங்கம் வரக் கூடாது, ஒரு தகப்பனோட வாக்குக்கும் பங்கம் வரக் கூடாது. அவர் பொண்ணை வண்டியில கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னார்? வண்டி போறதுக்கு எஞ்சின் ஓடணும்னு எந்த விதியில இருக்கு?"

டுவேன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"நாம தள்ளுவோம்."

கைதட்டலில் காபி சிந்தியது. 'குளிர்ந்த நிலை நகர்வு' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. எட்டு உறுப்பினர்கள், எட்டு சிலிண்டருக்கு ஈடாக, தாமாக முன்வந்தார்கள். வெர்லின் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. லூத்தரன் சர்ச்சிலிருந்து மணமக்கள் வெளியே வந்தார்கள். விடியும் முன்பே எட்டுப் பேரும் தள்ளி வந்து நிறுத்திய வண்டி, வாசலில் மின்னிக்கொண்டு நின்றது. மார்லிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு அழகு. ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"கிளப்புங்கப்பா. எல்லாருக்கும் கேக்கட்டும்!"

"உக்காரு கண்ணு, மொதல்ல உக்காரு."

மாப்பிள்ளையின் தோழர்கள் வழக்கப்படி வண்டியின் பின்னால் கட்டக் காலி டப்பாக்களைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். தரையில் கடகடவென்று இழுபட வேண்டிய டப்பாக்கள். வெர்லின் அதற்கும் தயாராக இருந்தார். பழைய ஃபிளானல் சட்டைகளைக் கிழித்து ஒவ்வொரு டப்பாவையும் பொட்டலமாகக் கட்டினார். குழாயில் கீறல் விழக்கூடாது பாருங்கள். டப்பாக்கள் கைக்குழந்தைகள் மாதிரி தூங்கின.

பிறகு சங்கத்துச் சட்டையும் கறுப்புக் காலணியும் போட்ட எட்டுப் பேர், கையுறை மாட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். டுவேன் பக்கவாட்டில் அட்டையும் பேனாவுமாக நின்றார். வெர்லின் ஸ்டியரிங் முன் அமர்ந்தார். டுவேன் கையை உயர்த்தி இறக்கினார்.

வண்டி நகர்ந்தது. தேர் நகர்வது மாதிரி நகர்ந்தது. வடம் இல்லை, கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. எட்டுப் பேர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அப்பா," என்றாள் மார்லிஸ் பின் சீட்டிலிருந்து. "எஞ்சின் கிளம்பலையா?"

"அதெல்லாம் கிளம்பும். ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏன் தள்றாங்க?"

வெர்லின் சொன்னார். வெள்ளி நிறம், பழுப்பு, நீலம், ரெண்டு மார்க். எஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இருந்ததால், வாக்கியத்துக்கு வாக்கியம் முனகிக்கொண்டே சொன்னார். மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெவின் மட்டும், "மாமா, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?" என்றான். நல்ல பையன்.

ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து பார்க்கத்தான் செய்தார்கள். வெர்லின் வாக்கு அந்த அளவுக்கு நிறைவேறியது. பார்த்தவர்களில் பலர், இறுதி ஊர்வலத்துக்குச் செய்வது போல, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அமைதியாக, கறுப்புக் காலணிக்காரர்கள் சூழ ஒரு வண்டி போனால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பாதி வழியில், மேடு தொடங்கும் இடத்தில், வண்டி நின்றது. தள்ளுகிறவர்களில் இருவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மாத்திரை கேட்டார். பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்த ஆர்டித் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஜன்னல் அருகே வந்தாள்.

"நான் முன்னால போறேன், வெர்லின். வந்தவங்களுக்குச் சாப்பாடு போடணும். நடந்தா சீக்கிரம் போயிடலாம்."

போய்விட்டாள்.

அந்த நேரத்தில் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. ஆட்லீ ட்ராயர், பக்கத்துப் பண்ணைக்காரர், ஆமிஷ் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் மதத்தில் கார் ஓட்டக் கூடாது. ஆகவே குதிரை வண்டி. கறுப்புத் தொப்பியும் வைக்கோல் நிறத் தாடியுமாக, குதிரையை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன வெர்லின், வண்டி ரிப்பேரா?"

"இல்லையே. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் தள்றீங்க?"

"நல்லா இருக்கறதாலதான்."

ஆட்லீ தாடியைத் தடவிக்கொண்டு வண்டியைப் பார்த்தார். புல்லில் கிடந்த இருவரைப் பார்த்தார். டுவேன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"எங்க பிஷப்பும் கார் ஓட்டக் கூடாதுன்னுதான் சொல்றாரு," என்றார். "ஆனா வாங்கித் தள்ளச் சொன்னதில்லை. உங்க சபை ரொம்பக் கண்டிப்புப்பா."

மார்லிஸ் முன்பக்கம் சாய்ந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். குரல் சண்டைக் குரல் இல்லை. சின்ன வயதுக் குரல்.

"அப்பா. சாவியைத் திருப்புங்கப்பா. இந்த மேட்டை ஏறி இறங்கற வரைக்கும் போதும். எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

வெர்லினின் கை சாவிக்குப் போனது. பொய் சொல்லக் கூடாது, போகத்தான் செய்தது. விரல் சாவியைப் பிடித்தும் விட்டது. டுவேன் ஜன்னலில் குனிந்தார்.

"இது முழுக்க உன் முடிவு, வெர்லின். சங்கம் தலையிடவே தலையிடாது," என்றார் பரிவோடு. பேனாவின் மூடியைக் கழற்றினார். "ரெண்டே ரெண்டு மார்க்தான்."

வெர்லின் பேனாவைப் பார்த்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். மறுபடி பேனாவைப் பார்த்தார். விரல் தளர்ந்தது.

"திங்கக்கிழமை கண்ணு. கண்காட்சி முடிஞ்சதும் திங்கக்கிழமை காலையில நானே வந்து, உன்னை ஏத்திட்டு ஊரெல்லாம் சுத்தறேன். காது கிழியக் கிழிய ஓட்டறேன்."

"திங்கக்கிழமை நான் யாரைப்பா கட்டிக்கறது?"

முன் சீட்டை மடக்கிக் கதவைத் திறந்தாள். வெள்ளைக் கவுனைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "ஆட்லீ மாமா, மண்டபம் வரைக்கும் விடுவீங்களா?"

"ஏறு தாயி. கோழித் தீவன மூட்டை இருக்கு, அதைத் தள்ளிட்டு உக்காரு."

டெவின் ஒரு கணம் மாமனாரைப் பார்த்தான். "ஸாரி மாமா," என்றான். ஏறிக்கொண்டான். குதிரை கிளம்பியது. கிளம்பும்போது, குதிரைகள் செய்வதைச் சாலை நடுவில், வண்டியின் முன்னால் செய்துவிட்டுப் போயிற்று.

"இது உன் வண்டியிலேர்ந்து வந்ததில்லைன்னு குறிச்சுக்கறேன்," என்றார் டுவேன்.

மேட்டின் உச்சியில் குதிரை வண்டி மறைகிற வரைக்கும் வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரம் உருள்கிற ஓசையும் குளம்பின் ஓசையும் ரொம்ப நேரம் கேட்டன. ஊர் வாசல்களில் கைதட்டல்கூடக் கேட்டது. இந்த முறை யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

வெர்லின் பின்னாலேயே நடந்து போயிருக்கலாம். ஆனால் நடுச் சாலையில், சாணத்துக்குப் பக்கத்தில், அந்தக் குழாயை எப்படி விட்டுவிட்டுப் போவது? பொறுப்புள்ள மனிதர். எட்டுப் பேருக்கும் மூச்சு திரும்பி, வண்டியைத் திருப்பி, வீட்டுக் கொட்டகைக்குத் தள்ளி, போர்வை போர்த்தி, குளித்து, கோட்டு மாட்டி அவர் மண்டபம் போனபோது நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வழக்கப்படி தகப்பனும் மகளும் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டத்தை, அவருக்குப் பதிலாக ஆர்டித் ஆடி முடித்திருந்தாள். கேக்கில் ஒரு துண்டைத் தட்டில் மூடி வைத்திருந்தார்கள். சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றார்.

மறுநாள் ஞாயிறு, சந்தைத் திடல். நிலைக்கண்ணாடி வண்டிக்கு அடியில் தள்ளப்பட்டது. வெள்ளைக் கையுறைகள் உள்ளே போயின. வெள்ளையாகவே வெளியே வந்தன. சங்கத்து வரலாற்றில் முதல்முறையாக முழு மதிப்பெண். மகுடத்தை வெர்லின் கையில் கொடுத்து டுவேன் ஒலிபெருக்கியில் பேசினார். அர்ப்பணிப்பு என்றார். தியாகம் என்றார். குடும்பத்தின் ஒத்துழைப்பு என்றும் சொன்னார்.

கொலம்பஸ் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், கயிற்றுக்கு வெளியே நின்று கையை உயர்த்தினாள். "ஏங்க, இந்த ரெண்டு குழாயும் சேர்ந்தா சத்தம் எப்படி இருக்கும்?"

ஐந்து நடுவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டுவேன் வெர்லினைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்னு நினைக்கறேன்," என்றார் வெர்லின்.

திங்கட்கிழமை காலை அவர் மகளின் வீட்டுக்குப் போகவில்லை. மாநில அளவுப் போட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. அதற்கு அப்புறம் தேசிய அளவு இருக்கிறது. மார்லிஸும் கேட்கவில்லை.

வெர்லின் ஸ்டட்ஸ்மன் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார் என்று ஊரில் சில பேர் பேசுகிறார்கள். அபாண்டம். அந்த வாக்கை அவர் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்கு என்ன தெரியும்? அத்தனை வருடங்களாக ஒரு தூசு படவில்லை, ஒரு கீறல் விழவில்லை. கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ, இன்றைக்கும் அப்படியே புத்தம் புதிதாக மின்னுகிறது. ஒரு தடவைகூட அவர் அதை உபயோகித்ததில்லை.